செல்லும் காசும் செல்லாக் காசும்: இலங்கையின் ஞாபகார்த்த நாணயக் குற்றிகள் பற்றிய ஒரு மலையக நோக்கு

நாணயக் குற்றியை இலக்கிய விமர்சகன் தன் ஆய்வுப் பொருளாகக் கொள்வது நமது சூழலில் வழக்கமன்று. பழங்காசு தொல்லியலாளருக்குரியது, புழக்கத்திலுள்ள காசு பொருளியலாளருக்குரியது எனப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, அச்சிட்ட நூலோடு நாம் அமைந்துவிடுகிறோம். ஆயின் எழுத்தறியாதவரும் நாள்தோறும் கையிலேந்தும் அரச நூல் காசு ஒன்றேயாகும். அதனைத் தேர்ந்து வாசிப்பாரில்லை. எனினும் அதனைத் தொடாதாரில்லை. ஆளும் வர்க்கம் தன்னைப் பற்றி எத்தகைய கதையைச் சொல்ல விரும்புகிறது என்பதைச் சுருங்கிய வடிவிற் காண விழைவோர்க்கு, ஞாபகார்த்த நாணயக் குற்றிகள் மிக வாய்ப்பான மூலங்களாகும். ஒரு வேந்தன், ஓர் அணைக்கட்டு, ஓர் ஆண்டு நிறைவு, ஒரு பெறுமதி: இவ்வளவே அந்நூலின் உள்ளடக்கம். இவ்வளவுக்குள் எது இடம்பெறுகிறது என்பதைப் போலவே, எது இடம்பெறவில்லை என்பதும் விமர்சகனின் அக்கறைக்குரியது.

இவ்வாய்வுக்கான தூண்டுதல் நூலகத்திற் பிறந்ததன்று. மடுல்சீமைத் தோட்டமொன்றில் மாரியம்மன் திருவிழா நிறைவுற்ற மறுநாள், கோயில் உண்டியலைக் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தார்கள். கலகலத்துக் கிடந்த சில்லறைக்கு நடுவே 1981 ஆம் ஆண்டின் ஐந்து ரூபாக் குற்றி ஒன்று வந்தது. எண்ணிக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு அது புதிராக இருந்தது. முதியவர் ஒருவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, இந்தக் காசு செல்லுமா?" என்று என்னிடம் வினவினார். அது சர்வசன வாக்குரிமையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி இலங்கை மத்திய வங்கி வெளியிட்ட குற்றி. அவ்வாண்டில் தமக்கு வாக்கில்லை என்பதை அம்முதியவர் பின்னர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். செல்லாக் காசு என்பதும் செல்லாத வாக்கு என்பதும் தமிழில் ஒரே வினையடியாற் பிறக்கும் தொடர்கள். அவர் கேட்ட கேள்வியை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காசைப் பற்றிய மார்க்சின் ஆய்வில் நமக்குப் பயன்படும் கூறுகள் இரண்டு. பொன்னும் வெள்ளியும் நாணயமாகும்போது ஒவ்வொரு நாட்டின் சீருடையையும் அணிகின்றன என்றும், உலகச் சந்தையில் அச்சீருடையைக் களைந்துவிடுகின்றன என்றும் அவர் கருதினார். அத்துடன், கைமாறிக் கைமாறித் தேயும் காசு தன் எடையை இழந்தும் தன் பெயரால் மதிக்கப்படுவதை, அதாவது தனக்குத் தானே குறியீடாகிவிடுவதை, அவர் விரிவாக ஆராய்ந்தார். ஞாபகார்த்தக் குற்றி இவ்வியல்புக்கு விலக்கானது. அது காசாகப் பிறந்து காசாக வாழாதது. பெரும்பாலும் பெட்டியில் அடைபட்டுக் கிடக்கும், கைமாறாது, ஆதலின் தேயாது. சீருடையை மட்டும் மினுக்கி வைத்துக்கொண்டு உழைப்பிலிருந்து ஓய்வு பெற்ற காசு என்று அதனைச் சொல்லலாம். பரிவர்த்தனையிலிருந்து விலகியதனாலேயே அது முழுமையான கருத்துநிலைச் சாதனமாகின்றது.

நமது ஆய்வாளர்கள் யாழ்ப்பாண மன்னரின் 'சேது' பொறித்த காசுகளைப் பற்றி ஆர்வத்தோடு எழுதியுள்ளனர். நந்தியும் பிறையும் சேதுவும் நமக்கொரு அரசிருந்தது என்பதற்குச் சான்றாயின. அவ்வார்வத்தைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் இத்தீவில் தமிழரின் வாழ்வோடு பிணைந்த வேறு சில உலோகத் துண்டுகள் உண்டு. அவற்றில் அரசில்லை, நந்தியில்லை. எனவே அவை நம் பெருமிதத்துக்கு உதவவில்லை. அரசருடைய காசை வரலாறெனவும் கூலியினுடைய வில்லையைக் குப்பையெனவும் கொள்ளும் மனப்பாங்கு மேற்குலகத்தாரிடமிருந்து நாம் இரவல் வாங்கியதன்று. நமது சொந்தச் சொத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பிப் பொருளாதாரம் விரிந்தபோது நாட்டிற் சில்லறைக் காசு போதாதிருந்தது. கொழும்பிலிருந்த கோப்பி ஆலைகளும் வணிக நிறுவனங்களும் தத்தம் பெயரில் உலோக வில்லைகளை அடித்துக் கூலியாளரிடம் வழங்கின. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் வேக்கந்த ஆலை வில்லை இவற்றுள் நன்கறியப்பட்டது. கோப்பிச் செடியே அதன் சின்னம். இவ்வில்லைகளிடையே நாலரைப் பென்ஸ் என்ற பெறுமதியும், பத்தொன்பது சதம் என்ற பெறுமதியும் காணப்படுகின்றன. பத்தொன்பது என்ற இவ்விந்தையான எண்ணுக்கு விளக்கம் எளிது. ரூபா ஒன்று இரண்டு சிலிங், அதாவது இருபத்துநான்கு பென்ஸ் எனக் கொண்டால், நாலரைப் பென்ஸ் பதினெட்டே முக்காற் சதமாகும். முழுமையாக்கினாற் பத்தொன்பது. நாணய முறை மாறியது. பென்ஸ் போய்ச் சதம் வந்தது. கூலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அரசொன்று மாறியும் சுரண்டல் மாறாதிருந்தமைக்கு இதனைவிடச் சுருக்கமான ஆவணத்தை நான் கண்டதில்லை.

1869 இல் மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டமொன்றிலேதான் கோப்பி இலைநோய் இந்நாட்டில் முதன்முதலாக அவதானிக்கப்பட்டது என்பது தாவரவியலார் அறிந்த செய்தி. நாணய வரலாற்றில் அடுத்த நிகழ்ச்சி 1870 எனப் பொறித்த செப்புக் காசுகள். ஒருபுறம் விக்ரோரியா மகாராணியின் தலை. மறுபுறம் தாளிப்பனையும் சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்பட்ட பெறுமதியும். 1872 சனவரி முதலாந் தேதி தொட்டு ரூபா-சத முறை இலங்கையின் கணக்கு முறையாயிற்று. ஐந்து சதம், ஒரு சதம், அரைச் சதம், காற் சதம் என்ற செப்புக் காசுகளில் தமிழ் இடம்பெற்றமை மொழிப்பற்றின் விளைவன்று. சில்லறை எவர் கைக்குச் செல்லுமென்பது காலனித்துவ நிருவாகத்துக்குத் தெரியும். வாங்குபவனுக்கு விளங்கவேண்டிய மொழியிற் பெறுமதி எழுதப்பட்டது. அம்மட்டே. ஆயினும் 1956 இன் தனிச்சிங்களச் சட்டத்தின் பின் வந்த காலத்தை நினைக்கும்போது, கணக்கப்பிள்ளையின் நாணயத்தை ஒத்த இக்காலனித்துவ நாணயங்கூட எவ்வளவு சலுகையாகத் தோன்றுகிறது என்பது வேதனைக்குரிய விடயமே.

தோட்டத் தொழிலாளியின் உண்மையான நாணயம் வேறு. தமிழகத்துக் கிராமத்திலிருந்து புறப்படும்போதே முன்பணம் என்ற கடன் அவன் தலையில் ஏறியது. கங்காணியையும் அவனது ஆட்களையும் இவ்வளவு தொகை செலுத்தினால் விடுவிக்கச் சம்மதமென்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே 'துண்டு'. அத்துண்டு தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. அதாவது அது புழங்கியது. அதற்குப் பெறுமதி இருந்தது. ஆனால் அதன் பின்னே பொன்னோ வெள்ளியோ இல்லை, மனிதர் இருந்தனர். 1921 ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே அம்முறை ஒழிந்தது. 1901 அளவில் ஏற்பட்ட தகரவில்லை முறையும் நோக்கற்பாலது. தோட்டத்தைக் குறிக்கும் அடையாளமும் இலக்கமும் அடித்த வில்லையொன்றைப் பயணப்படும் ஆளுக்குக் கொடுத்தனுப்பினர். அதைக் கண்டு முகாம் அதிகாரி உணவிட்டான், புகையிரதத்தில் ஏற்றினான், செலவு தோட்டத்தின் கணக்கிற் சேர்ந்தது. அரச காசில் அரசனின் தலையிருக்கும். இவ்வில்லையோ தொழிலாளியின் தலைக்கே ஈடாக இருந்தது. ஆட்களின் எண்ணிக்கைக்கேற்பக் கங்காணி பெற்ற பணத்தைத் தலைக்காசு என்று வழங்கியது பொருத்தமே.

'பேர்' என்ற சொல்லையும் இவ்விடத்திற் சொல்லியாக வேண்டும். மலையகப் பேச்சு வழக்கில் ஒரு பேர் என்பது ஒருநாள் வேலையின் பதிவு. விதித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர். மனிதனுக்கு அடையாளமாக அமையவேண்டிய பெயரே கூலிக் கணக்கின் அலகாகித் தேய்ந்துவிட்டது. காலையிற் பெரட்டுக்களத்தில் நிற்கும்போது முழுமையாக இருந்த பேர் மாலையில் நிறுவைத் தராசின் முன் பாதியாகக் குறைந்துவிடலாம். பண்ட வழிபாடு குறித்துக் கோட்பாட்டு நூல்களில் நாம் வருந்திக் கற்பதை இம்மக்கள் ஒரு சொல்லில் வைத்திருக்கிறார்கள்.

இனி, சுதந்திர இலங்கையின் ஞாபகார்த்தக் குற்றிகளுக்கு வருவோம். மத்திய வங்கி 1950 இல் நிறுவப்பட்டது. அதன் முதல் ஞாபகார்த்த வெளியீடு 1957 இல் வந்தது: புத்த ஜயந்தியின் 2500 ஆம் ஆண்டு நிறைவுக்காக ஐந்து ரூபா வெள்ளிக் குற்றியும் ஒரு ரூபாக் குற்றியும். பௌத்தம் இந்நாட்டுப் பெரும்பான்மை மக்களின் ஆழ்ந்த பண்பாட்டுச் செல்வம். அதனை நினைவுகூர்வதில் தவறு காண்பது சிறுமை. ஆனால் புதிய தேசிய முதலாளி வர்க்கம் தன் முதல் நினைவைச் சமயத்தில் தேடியது தற்செயலன்று. 1948 இல் ஆட்சி கைமாறியதைக் குறிக்கும் மக்கட் போராட்ட நிகழ்ச்சி ஏதும் அதன் கைவசம் இருக்கவில்லை. போராடிப் பெறாத சுதந்திரத்திற்கு நினைவுச் சின்னம் அமைப்பது கடினம். ஆகவே நினைவு இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு பின்னோக்கிச் சென்றது.

1968 இன் இரண்டு ரூபாக் குற்றி ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தையொட்டியது. அதில் நிற்பவர் பொலன்னறுவைச் சிலையாக அறியப்பட்ட மகா பராக்கிரமபாகு. குளங்கட்டிய வேந்தனை உணவுற்பத்தியின் சின்னமாக்கியதில் ஒரு நேர்த்தி உண்டு. 1981 இன் இரண்டு ரூபாக் குற்றி மகாவலி அணையைக் காட்டியது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், குளத்திலிருந்து அணைக்கு, வேந்தனிலிருந்து அரசாங்கத்துக்கு இடையறாது ஓடும் ஒரு நீரோட்டம் தெரிகிறது. நாட்டின் வரலாறே நெல்லும் நீரும் என்றாகிறது. இக்கதை சிங்கள விவசாயிக்கும் நேர்மையானதன்று. 1818 இன் ஊவா, வெல்லச எழுச்சி ஒடுக்கப்பட்டபோது வயலும் குளமும் பாழாக்கப்பட்டதும், 1840 இன் முடிக்குரிய காணிச் சட்டம் கண்டி விவசாயியின் சேனையையும் காட்டையும் பறித்ததும் அக்கதையில் இல்லை. மடுல்சீமை மலைவிளிம்பில் நின்று கீழே நோக்கினால் வெல்லசச் சமவெளி விரிந்து கிடக்கும். இன்று உல்லாசப் பயணிகள் அங்கே படமெடுக்க வருகிறார்கள். நிலத்தை இழந்தவனின் சமவெளியும், நிலமேயில்லாதவனை இறக்குமதி செய்து நட்ட மலைச்சரிவும் ஒரே பார்வையில் அடங்கும் இடம் அது. இருவரையும் பகைவராக்கியவர் எவர் என்பதை எந்தக் குற்றியும் சொல்லவில்லை.

அக்கதையின் இன்னொரு பொய், கணக்குப் பொய். 1960களில் நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பாதிக்கு மேல் தேயிலையிலிருந்து வந்தது. இலங்கையின் நாணயக் குற்றிகள் வெளிநாட்டு அக்கசாலைகளில் அடிக்கப்பட்டவை. அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். அச்செலாவணியை ஈட்டியவள் கொழுந்துக் கூடைக்காரி. ஆக, பராக்கிரமபாகுவை உலோகத்தில் நிறுத்தியதற்கான செலவின் பெரும்பகுதி கூடையிலிருந்து வந்ததென்று கொள்வதே நியாயமான அனுமானம். உணவுற்பத்திக் குற்றி வெளியாகி ஆறு ஆண்டுகளுக்குள், 1973-74 இல், தோட்டப்புறங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. தோட்டத்தை விட்டுப் பட்டணத் தெருவுக்கு இரந்துண்ண வந்தவர்களைக் கண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு.

1976 இன் இரண்டு ரூபா, ஐந்து ரூபாக் குற்றிகள் கொழும்பில் நடைபெற்ற அணிசேரா நாடுகள் மாநாட்டை நினைவுகூர்ந்தன. 1978 இன் ஒரு ரூபாக் குற்றி ஜே. ஆர். ஜயவர்த்தன நிறைவேற்று சனாதிபதியாகப் பதவியேற்றதைக் கொண்டாடியது. முடியரசின் தலை காசிலிருந்து நீங்கி அரசிலச்சினை அமர்ந்து பதினைந்து ஆண்டுகளாகியிருந்தன. ஆட்சியில் இருப்பவரின் தலை மீண்டும் காசுக்கு வந்தது. 1992 இல் ஆர். பிரேமதாசவின் பதவியேற்பு ஆண்டு நிறைவுக் குற்றியும் அவ்வழியே சென்றது. இவை பற்றி மேலும் கூறவேண்டியதில்லை.

1981 இன் ஐந்து ரூபாக் குற்றியோ நின்று வாசிக்கத்தக்கது. 1931 இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் இருபத்தொரு வயதடைந்த ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவிலேயே முதன்மையான இச்சாதனை குறித்து இலங்கையர் பெருமிதங் கொள்வது தகும். ஆனால் 'சர்வசன' என்ற அடைமொழி பிறந்த நாளிலேயே குறைபட்டது. இந்திய வமிசாவளியினருக்கு நிரந்தர வதிவிடம், கல்வி அல்லது சொத்துத் தகைமை, ஐந்தாண்டு வசிப்புச் சான்று என்ற வரையறைகள் விதிக்கப்பட்டன. இத்தடைகளைக் கடந்தும் 1931 இல் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் வாக்காளராகப் பதிவு பெற்றனர், அட்டனிலிருந்து பெரி. சுந்தரம் அரசுக் கழகத்துக்குச் சென்று தொழில் அமைச்சருமானார். 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளர் பலர் வென்றனர். பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையாவும் தலவாக்கலையிலிருந்து எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் பாராளுமன்றம் புகுந்தனர். வேறு தொகுதிகளிலே தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளருக்கு உதவியது. அது வர்க்க வாக்காக அமைந்ததே அதன் குற்றம்.

1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 இன் 48 ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டமும் அவ்வாக்கைப் பறித்தன. ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1952 தேர்தலில் மலையக மக்களின் பிரதிநிதியாக ஒருவரும் தெரிவாகவில்லை. 1964 ஒக்ரோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களைக் கணக்குத் தீர்க்கும் பேரேடாக அமைந்தது: ஐந்தே கால் இலட்சம் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பிற்பாடு பார்க்கலாம். 1974 இல் அவ்வெச்சத்தையும் இரு அரசுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பழைய துண்டு முறைக்கும் இதற்குமுள்ள உருவ ஒற்றுமையைச் சுட்டாதிருக்க முடியவில்லை. துண்டில் இரு துரைமார். இங்கு இரு அரசாங்கங்கள்.

அவ்வொப்பந்தத்தின் காலம் 1981 ஒக்ரோபர் இறுதியில் முடிவுற்றது. அதே ஒக்ரோபரிலேதான் வாக்குரிமைப் பொன்விழாவிற் பங்குகொள்ள இரண்டாம் எலிசபெத் மகாராணி இலங்கைக்கு வந்தார். அதே ஆண்டு ஆகத்தில் இரத்தினபுரி முதலிய மாவட்டங்களில் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். சூனில், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடந்த அதே நாட்களில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. அரைநூற்றாண்டு வாக்குரிமையைக் கொண்டாடும் குற்றி, அவ்வரைநூற்றாண்டிற் பெரும்பகுதியில் வாக்கிழந்திருந்த மக்களின் கைகளில் ஐந்து ரூபாவாகச் சென்று சேர்ந்தது. காசு அவர்களை ஏற்றுக்கொண்டது. காசு சொன்ன செய்தி அவர்களை ஏற்கவில்லை. பணம் ஆள் பாராது என்பார்கள். அரசு ஆள் பார்த்தது.

இவ்விடத்தில் நம் தரப்பையும் நோக்குதல் வேண்டும். 1948 இற் பிரசாவுரிமைச் சட்டத்தை இடதுசாரிகள் எதிர்த்து வாக்களித்தனர், அது பெருமைக்குரியது. 1964 இன் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது சமசமாசக் கட்சி அமைச்சரவையில் அமர்ந்திருந்தது, அது பெருமைக்குரியதன்று. தமிழ்த் தலைமையின் கணக்கும் சுத்தமானதன்று. 1949 இன் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தை ஆதரித்து அமைச்சரவையில் இருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் அரசியல், வடபுலத்து மேட்டுக்குடியின் வர்க்க நலனை வெளிப்படையாகக் காட்டியது. மத்திய வங்கியின் குற்றியை மட்டும் குற்றஞ்சாட்டித் தப்பிக்கும் உரிமை நமக்கில்லை.

இக்குற்றிகளை மலையக இலக்கியத்தோடு ஒருங்கு வைத்து வாசிப்பது பயனுடையது. வாக்கிழந்த காலத்திலேதான் அவ்விலக்கியம் வீறுகொண்டது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' நிறுவைக் கணக்கும் ஒரு பெண் தொழிலாளியின் மானமும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும் கதை. அரச குற்றியிற் பெறுமதி மேலிருந்து பொறிக்கப்படுகிறது. இராமையாவின் கதையிலோ பெறுமதி விரல்நுனியிற் பிறக்கிறது, அதைப் பிறர் ஐயுறும்போது மறுபடி விரல்நுனியாலேயே நிறுவப்பட வேண்டியிருக்கிறது. பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப் 1979 இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுதிக்கு 'நாமிருக்கும் நாடே' எனப் பெயரிட்டார். பாரதியிடம் அந்நியனிடமிருந்து மீட்கும் முழக்கமாக இருந்த தொடர், நாடற்றவன் வாயிற் சட்டத்துக்கெதிரான வாக்குமூலமாகிறது. அதற்கு இரண்டாண்டு பின்னர் வந்த குற்றி நாட்டின் சார்பில் உரிமை பேசியது. இத்தொகுதி உரிமையின் சார்பில் நாடு பேசியது. இரண்டினுள் எது உண்மையான ஞாபகார்த்தம் என்பதை வாசகர் அறிவர். ஜோசப்பிடம் நான் காணும் குறையும் ஒன்றுண்டு: அவருடைய தோட்டத்து உத்தியோகத்தர்கள் சில இடங்களிற் தொழிலாளரைவிட முழுமையான மனிதராக உருப்பெற்றுவிடுகிறார்கள். அவர் நின்ற இடம் அது. அதை அவர் மறைக்கவுமில்லை.

1987 ஆம் ஆண்டை வீடற்றோர்க்கான உறைவிட ஆண்டாக ஐ.நா. பிரகடனஞ் செய்தது. இலங்கையும் பத்து ரூபாக் குற்றி வெளியிட்டது. சி. வி. வேலுப்பிள்ளையின் நாவல் 'வீடற்றவன்' அதற்கு முன்பே நூலுருப் பெற்றுவிட்டது. தலைப்பும் குற்றியும் ஒன்றையொன்று பார்த்து நகைப்பது போலுள்ளது. தோட்டத்து லயத்தில் அறையொன்று இருந்தும் தொழிலாளி வீடற்றவன். ஏனெனில் வேலை போனால் அறையும் போகும். கூரையில்லாமை அன்று, கூரைமீது உரிமையில்லாமையே வீடின்மை என்ற இவ்வரைவிலக்கணத்தை உலக நிறுவனம் காண்பதற்கு முன்னரே மலையக நாவலாசிரியர் கண்டுவிட்டார்.

அவ்வாறாயின் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவைக் காசிற் பொறித்துவிட்டாற் குறை தீருமா என்று வினவலாம். 1991 ஆம் ஆண்டு நாணயத்தாள் தொடரின் நூறு ரூபாத் தாளில் அவள் உருவம் வந்தது. கிளிகளோடும் பசுமையோடும் வந்தது. அங்கே அவள் காட்சி, வரலாறன்று. கூடை உண்டு, பேர் இல்லை. உல்லாசப் பயணத் துண்டுப் பிரசுரத்திலிருந்து நாணயத்தாளுக்கு வந்த அவ்வுருவத்தை அங்கீகாரமென்று கொண்டாடுவது, அரைப்பேரை முழுப்பேராக எண்ணி மகிழ்வதாகும். உழைப்பாளியை அழகிய இயற்கையின் ஒரு கூறாக்கிவிடுவது பெருந்தோட்ட முதலாளித்துவத்தின் மிகப் பழைய கலைக்கொள்கை.

பிற்காலக் குற்றிகளுள் இரண்டைத் தனித்துக் குறிப்பிடல் தகும். 2003 இன் ஐந்து ரூபாக் குற்றி 1753 இல் உபசம்பதா மீள நிறுவப்பட்டதன் 250 ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்க்குப் பிரசாவுரிமை வழங்கிய 35 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டிலேதான். ஐம்பத்தைந்து ஆண்டு அநீதியின் முடிவு ஓசையின்றி வந்தது. 2008 இன் இரண்டு ரூபாக் குற்றி ஊழியர் சேமலாப நிதியத்தின் பொன்விழாவுக்குரியது. நான் அறிந்தவற்றுள் உழைப்பாளர் சேமிப்பை நினைவுகூர்ந்த குற்றி அது. கூலியிலிருந்து நூற்றுக்கு எட்டும், தொழில் கொள்வோரிடமிருந்து பன்னிரண்டுமாகச் சேர்ந்த அந்நிதியம் மத்திய வங்கியின் பொறுப்பிலேயே இருந்துவருகிறது. காசை வெளியிடுபவரும் கூலியின் சேமிப்பைக் காப்பவரும் ஒருவரே. மலையகத் தொழிலாளி இந்நாட்டு அரசுக்குக் கடன் கொடுத்திருக்கிறாள் என்ற உண்மையை அக்குற்றி தன்னையறியாமற் கூறிவிட்டது.

ஆயிரம் ரூபாவின் கதை இன்னும் கூர்மையானது. 1998 இற் சுதந்திரப் பொன்விழாவுக்கு ஆயிரம் ரூபா வெள்ளிக் குற்றி வந்தது. 2009 இற் போர் முடிவைக் குறித்து ஆயிரம் ரூபா நாணயத்தாள் வந்தது. 2015 தொட்டுத் தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளமாகக் கேட்டதும் அதே ஆயிரம் ரூபா. சம்பளச் சபையின் வாயிலாக அது வர்த்தமானியில் ஏறியது 2021 மார்ச்சில். அதுவும் தொள்ளாயிரம் அடிப்படைச் சம்பளமும் நூறு ரூபா வரவுசெலவுத் திட்டப் படியுமாக. ஆயிரம் என்ற எண்ணை நினைவுச் சின்னமாகப் பொறிக்க அரசுக்குத் தயக்கமிருக்கவில்லை. அதனைக் கூலியாக எழுதவே ஆறு ஆண்டுகள் வேண்டியிருந்தன. தேயாத காசுக்கும் தேயும் காசுக்கும் உள்ள வேறுபாட்டை முன்னர் கோட்பாட்டளவிற் கூறினேன். மலையகம் அதைச் சம்பள நாளிற் கண்டது.

குடிசன மதிப்பீட்டின் 150 ஆம் ஆண்டு நிறைவுக்கென வந்த இருபது ரூபாக் குற்றியும் நம் கவனத்துக்குரியது. 1871 இல் தொடங்கிய அக்கணக்கெடுப்பு 1911 இல் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என இரு நிரல்களை வகுத்தது. பின்வந்த சட்டங்களுக்கெல்லாம் அந்நிரல் அடித்தளமாயிற்று. இன்று 'மலையகத் தமிழர்' என்ற பெயரால் தம்மை எண்ணச் சொல்லி அம்மக்கள் கேட்பது ஒரு சொல்லுக்கான சண்டை என்று சிலர் எள்ளுகின்றனர். அரைப்பேர், முழுப்பேர் என்ற கணக்கில் நூற்றாண்டு கழித்தவர்கள் பேருக்காகச் சண்டையிடுவது எள்ளலுக்குரியதா என்பதை அவர்களே சிந்திக்கட்டும்.

நாணயக் குற்றியை வடிவமைப்போர் சிலர்; அதில் இத்துணைப் பொருள் காண்பது மிகைவாசிப்பு என்ற மறுப்பு எழக்கூடும். வடிவமைத்தவரின் நோக்கம் எனக்கு முக்கியமன்று. நல்ல நோக்கத்தோடும் ஒரு வர்க்கத்தின் மறதியைப் பொறிக்கலாம்.

மடுல்சீமையில் அன்று அம்முதியவரிடம், "செல்லும் ஐயா" என்றுதான் சொன்னேன். அவர் குற்றியை விளக்கு வெளிச்சத்திற் சாய்த்து, தமிழ் எங்கேயிருக்கிறது என்று தேடினார். பின் மடியை அவிழ்த்துப் புழங்கித் தேய்ந்த ஐந்து ரூபா ஒன்றை உண்டியற் குவியலில் இட்டார். அந்தக் குற்றியைத் தன் மடியில் முடிந்துகொண்டார். கணக்கெழுதிய இளைஞன் தலை நிமிரவில்லை. தொகை மாறவில்லையல்லவா.